முன்னோட்டக் கோட்டையில் சிலந்திவலை காத்த படலம்

வாழ்க அவன்! எழுத்தெனும் எறும்புநிரையைப் பக்கமெனும் பாத்தியில் வரிசை பிசகாது நடத்துவோன். ஓரத்து வெற்றிடத்தை ஒரு நூலளவும் விட்டுக்கொடாதோன். அட்டையும் அமைப்போன், வலைத்தளமும் ஏற்றுவோன், அச்சுப்பொறி இருமும்போதெல்லாம் அதன் வாய்க்குள் அஞ்சாது கைவிட்டுக் கசங்கிய தாளை உருவுவோன். மூன்று அறைகளும் ஒரு மின்விசிறியும் கொண்ட பதிப்பகத்தின் தனிப்பெரும் பக்க அமைப்பாளன். நாற்காலி ஈந்த முதுகுவலியை நகையென அணிந்தோன். மனைவி எடுத்த நிழற்படங்களை மாற்றார் கவராவண்ணம் காத்துநின்ற மாவீரன், வாழ்க! அவன் ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். நமக்கும் இப்போது வேறு வேலை இல்லை.

பாடுமுன் ஒரு வணக்கம். திரை நடுவே தோன்றித் தலையுமின்றி வாலுமின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும் சிறுவட்டமே! அரசனையும் ஆண்டியையும் ஒரே முகபாவத்தோடு காத்திருக்க வைக்கும் சமநீதியே! அவசரக்காரன் எத்தனை முறை தட்டினாலும் அசையாத அருங்குணக் குன்றே! எம் கதை முடியுமட்டும் நீ எம் பக்கம் வாராதிரு. அவ்வளவுதான் கேட்கிறோம்.

இனிப் போர் மூண்ட காரணம் கேளீர். நம் வீரனின் இல்லக்கிழத்தி பகலெல்லாம் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னமர்ந்து, கண்ணில் சொட்டுமருந்து விட்டு வரிசையாய் உட்கார்ந்திருப்போரை 'இன்னும் கொஞ்ச நேரம் மூடியே வைங்க' என்று ஆற்றுப்படுத்தும் பொறுமைச் செல்வி. வேலைக்குக் கிளம்புமுன் விடிகாலை வேளையிலோ அவள் வேறொருத்தி. வாடகை வீட்டு மொட்டை மாடியிலே, தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு துருப்பிடித்த கம்பிக்கும் இடையே கட்டிய கொடிக்கயிற்றின் முன் கேமராவும் கையுமாய்க் குந்தியிருந்து, அக்கயிற்றின்மேல் வந்தமரும் யாவற்றையும் படமெடுப்பாள். காக்கை வந்தது, எடுத்தாள். எறும்புகள் ஒரு சட்டைக் கையின் வழியே ஏறி மறுகையின் வழியே இறங்கின, எடுத்தாள். மழைத்துளிகள் கயிற்றின் அடியில் வரிசையாகத் தொங்கி, ஒன்று விழ ஒன்று பார்த்திருந்தது, அதையும் எடுத்தாள். அவள் படமெடுக்கும் அதே நேரத்தில் அதே கயிற்றின் மறுகோடியில் அவள் கணவன் பனியனோடு நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருப்பான். அந்த வீட்டில் துணி காயப்போடுவது அவன் வேலை.

அவள் எடுத்தவற்றுள் ஒரு தும்பி இருந்தது. நீலநிறக் கிளிப்பின் நுனியில், கண்ணாடிச் சிறகு நான்கும் விரித்து, உலகம் தனக்கெனவே விடிந்தாற்போல அமர்ந்திருந்த தும்பி. ஆசைப்பட்டு அதை ஒருநாள் தன் பக்கத்தில் பதிவிட்டாள். பதிவிட்ட மறுகாலை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அவளுடைய சொந்தச் சித்தியின் கையாலேயே அத்தும்பி அவளிடம் திரும்பி வந்தது. வந்த கோலத்தை என்னென்பது! தும்பியைப் போல் இருமடங்கு பெரிய ரோஜாவொன்று அதன் வால்மேல் வீற்றிருந்தது. சிறகுகளின் குறுக்கே பொன்னெழுத்தில் 'இனிய காலை வணக்கம்' பொறிக்கப்பட்டிருந்தது. மூலையில் அவள் இட்டிருந்த பெயர் வெட்டப்பட்டிருந்தது. 'சித்தி, இது நான் எடுத்தது' என்று அவள் எழுத, 'அப்படியாம்மா? ரொம்ப நல்லாயிருக்கு, யாரோன்னு நெனச்சேன்' என்று சித்தி இரண்டு கும்பிடும் கைகளோடு பதிலிறுத்தாள்.

ரோஜா வைத்தவன் யார்? அங்கேதான் கதை கனக்கிறது. அவன் அயலான் அல்லன், பகைவன் அல்லன். அவள் உடன்பிறந்த தம்பி. தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். குணத்தால் கொடைவள்ளல். அழகான எதைக் கண்டாலும் அதை அக்கணமே எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும் என்னும் அடங்காத அன்பு வாய்த்தவன். ஊரார் கண்விழிக்குமுன் அவன் வணக்கம் விழித்துவிடுமாதலால் குடும்பத்தார் அவனை 'விடியல்' என்றே அழைத்தனர். தும்பி எப்படிப் போனது என்று அக்கா கேட்டபோது, 'அக்கா, உன் படம் எங்கயெல்லாம் போயிருக்கு தெரியுமா!' என்று கண்கள் பளபளக்க, பரிசு வாங்கி வந்தவனைப்போலச் சொன்னான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலம் கனிந்தது. கொடிக்கயிற்றுப் படங்களைக் கண்ணுற்ற பதிப்பக முதலாளி, ஊழியர் அனைவர்க்கும் நாள்தோறும் மலர்ப்படத்தோடு வணக்கம் அனுப்பியபின்னரே பல்துலக்கும் பண்பாளர், அவற்றைப் புத்தகமாய்க் கொணர இசைந்தார். பெயர் 'கொடிக்கயிறு'. அட்டையில் வெறுங்கயிறும் ஒரு நீலக் கிளிப்பும். ஆயினும் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார்.

"தம்பி, வலைத்தளத்துல முன்னோட்டம் இருக்கணும். நாலு பக்கம் புரட்டிப் பாக்காம எவன் படப்புத்தகம் வாங்குவான்? ஆனா ஒரு படம் கூட வெளிய போகக் கூடாது. போச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

அன்று மாலை அடுக்களையில், குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே, அதனினும் கொடிய ஆணையொன்று அவன் செவியேறியது.

"போடுங்க, வேணாங்கல. ஆனா மறுபடியும் எம் படம் ரோஜாவோட எனக்கே வந்துச்சுன்னா, கேமராவத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். அப்பறம் எறக்கவே மாட்டேன்."

அவள் கத்தவில்லை. அதனால்தான் அவன் நடுங்கினான். அந்தப் பரணை அவன் அறிவான். ஒரு ஹார்மோனியமும், ஒரு மிதிதையல் இயந்திரமும், 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஏறிய இன்னும் பல ஆசைகளும் அங்கே ஏறினவை ஏறினவையே. ஆகவே அடுப்பின் முன் நின்று, கரண்டி சாட்சியாக, நம் வீரன் வஞ்சினம் உரைத்தான்: "ஒரு துளி கூட வெளிய போகாது. நான் பாத்துக்கறேன்."

கோட்டை எழுந்தது. முன்னோட்டத்தின் நடுநாயகமாய் அவன் நிறுத்திய படம், கயிற்றின் இரு கிளிப்புகளுக்கிடையே ஒரு சிலந்தி கட்டிய வலை, வலையெங்கும் பனித்துளிகள். அப்படத்தைச் சுற்றி முதலாம் அகழியாக, கணினி எலியின் வலது கிளிக்கை முடக்கினான். எவரேனும் அதை அழுத்தின் 'இப்படம் காப்புரிமைக்கு உட்பட்டது' என்று ஒரு பெட்டி எழுந்து நின்று முறைக்கும். தானே பத்துமுறை அழுத்தித் தானே முறைக்கப்பட்டு மகிழ்ந்தான். குடும்பக் குழுவில் முன்னோட்டத்தின் சுட்டி ஏறியது.

ஞாயிறு வந்தது, ஞாயிறுதோறும் மதியச் சோற்றுக்கு வரும் விடியலும் வந்தான். சோஃபாவில் சாய்ந்தான், கைபேசியை எடுத்தான், முன்னோட்டத்தைத் திறந்தான். அவனுக்கு எலியும் தெரியாது, வலதும் தெரியாது. அவன் அறிந்ததெல்லாம் ஒரு கட்டைவிரல். அதைச் சிலந்திவலையின்மேல் வைத்தான், சற்றே அழுத்தினான். 'படத்தைச் சேமி' என்று கதவைத் தானே திறந்துவிட்டது கோட்டை.

"மாமா, இது செமயா இருக்கு. எடுத்துக்கிட்டேன்."

இடியோசை கேட்ட நாகமெனத் துவண்டான் நம் வீரன். ஆயினும் வீரர்க்கு அழகு விரைந்து செயல்படல். "மாப்ள, போனக் கொஞ்சம் குடு, டைம் பாக்கணும்" என்றான். அவன் நேர் எதிரே சுவரில், தாம்பாளம் போன்ற கடிகாரம் ஒன்று டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. விடியல் அதைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான், ஒன்றும் கேளாமல் போனைக் கொடுத்தான். நல்ல பையன். சிலந்திவலை அழிந்தது, அடுக்களையில் இருந்தவள் அறியவில்லை, மூவரும் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் மதில் எழுந்தது. நீண்ட அழுத்தம் முடக்கப்பட்டது. அஃது ஒன்றோ? படத்தையே தரைக்கு ஓடு பதிப்பதுபோலச் சிறுசிறு சதுரங்களாய் வெட்டி, வெட்டியது தெரியாமல் அருகருகே ஒட்டினான். திருட வருவோனுக்குச் சிலந்தியின் ஒரு முழங்காலோ, கிளிப்பின் பாதி மூக்கோ, வெறும் வானத்தின் ஒரு துண்டமோ அன்றி வேறொன்றும் வாய்க்காது! இதை எண்ணியெண்ணி அலுவலகத்தில் அவன் தனியே சிரித்ததைக் கண்டு, கணக்குப் பார்க்கும் அம்மாள் தன் நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மறு ஞாயிறு. விடியல் அழுத்தினான்; கிடைத்தது முழங்கால். மீண்டும் அழுத்தினான்; கிடைத்தது வானம். நாளிதழால் முகம் மறைத்து நம் வீரன் காத்திருந்தான், வேட்டைக்காரன் புதருள் காத்திருப்பதுபோல. அப்போது அப்பாலகன், யானையின் மத்தகத்தை இருகையாலும் பற்றும் வீரனென, போனின் இரு பொத்தான்களையும் ஒருசேரப் பற்றினான். 'க்ளிக்' என்றது. திரை ஒருகணம் வெளிறியது.

"பாத்தீங்களா மாமா? எது முழுசா வரலயோ, அத ஸ்கிரீன்ஷாட் எடுத்துரணும். எனக்கே இது கொஞ்ச நாளாத்தான் தெரியும்."

"அப்படியா" என்றான் வீரன், நெஞ்சில் வேல் பாய்ந்த குரலில். "சார்ஜ் கம்மியா இருக்கு போல, குடு, போட்டுத் தரேன்." சார்ஜ் நிறையவே இருந்தது.

அவ்வாரம் முழுதும் அவன் தேடினான். அறிந்தோர் எழுதிய பக்கங்களை எல்லாம் புரட்டினான். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: ஒருவன் தன் திரையைத் தானே படமெடுப்பதை எந்த வலைத்தளத்தாலும் தடுக்க முடியாது. கண்ணுக்குக் காட்டுவதைக் கைக்குத் தராதிருக்க வழியில்லை. இதைப் படித்தபோது வேறொருவனாயின் அங்கேயே வில்லை எறிந்திருப்பான். நம் வீரன் ஒரு காபி குடித்துவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்தான்.

மூன்றாம் அரண் மாயஅரண். படம் இப்போது காரிருளில் மூழ்கிக் கிடக்கும். விரல் வைத்தால் மட்டுமே வெளிச்சம் பரவும், விரல் எடுத்த கணமே இருள் மூடும். பொத்தான்களைப் பிடிக்க விரலை எடுத்தானா, கிடைப்பது கறுப்பு! ஒரு கை போனைத் தாங்க, மறு கை படத்தைத் தாங்க, திருடுதற்கென மூன்றாவது கை எவனுக்குண்டு? எவனுக்கும் இல்லை. அந்த ஞாயிறு விடியல் முயன்றான். நாக்கை ஒருபுறம் மடித்துக்கொண்டு, மூக்கின் நுனியால் பொத்தானை அழுத்தியும் பார்த்தான், ஒவ்வொரு முறையும் படத்தின்மேல் வைத்த விரல் நழுவிற்று. கறுப்பே வந்தது. வெற்றிமுரசம் வீரனின் விலாவுக்குள் ஒலிக்கலாயிற்று.

அப்போது விடியல் குரல் கொடுத்தான்: "அக்கா, உன் போனக் குடேன்."

அடுக்களையிலிருந்து ஈரக்கையொன்று நீண்டது. ஏன், எதற்கு என்று அக்கை கேட்கவில்லை. தம்பி கேட்டான், தந்தது. தன் போனில் விரல்வைத்துப் படத்தை விளக்கேற்றிய விடியல், மறுகையில் அக்காவின் போனைத் தூக்கிப்பிடித்து, திரையைத் திரையால் சுட்டான். அந்தோ! எவளுக்குத் தெரியவே கூடாதோ அவளுடைய போனுக்குள்ளேயே ஏறி அமர்ந்துகொண்டது களவுபோன சிலந்திவலை. "அப்பறமா எனக்கு அனுப்பிக்கறேன்" என்று அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான் அவன்.

உடனே ஓர் ஈரக்கையும் ஓர் உலர்ந்த கையும் ஒரே நேரத்தில் அப்போனை நோக்கி நீண்டன. உலர்ந்த கை முந்திற்று. மணமான நாள்முதல் மனைவியின் போனைத் தொட்டறியாத அவ்வுத்தமன், அதைத் திருப்பிப் பிடித்து, முதுகைக் காட்டி நின்று, பதற்றத்தில் எதையெதையோ தட்டி, அழிக்க வேண்டியதை ஒருவாறு அழித்தான். திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"என் போன்ல என்ன தேடுறீங்க?"

"இல்ல... ஸ்லோவா இருக்குன்னு சொன்னியே."

"நான் எப்ப சொன்னேன்?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரே வலது கிளிக்கும் ஓடுகளும் மாய இருளும் தூசு. அன்று அவன் இலையில் ரசம் மட்டும் வரவே இல்லை.

அதற்குமேல் பொறுக்க ஒண்ணாது என்று நம் வீரன் தன் இறுதிப் படைக்கலத்தை உறையினின்று உருவினான். வாட்டர்மார்க்! இதுகாறும் கருணையால் அதை எடாதிருந்தான். இனிக் கருணை இல்லை. மனைவியின் பெயரைத் தடித்த எழுத்தில், சாய்வாக, வரிக்கு வரி, மேலிருந்து கீழ்வரை நிரப்பினான். பெயருக்கும் பெயருக்கும் இடையே 'நகலெடுக்காதீர்' என்னும் சொல்லை வேலியாக நட்டான். மூலையில் சிறிதாய்ப் போட்டதை அன்றொருநாள் வெட்டினார்களல்லவா? இப்போது வெட்டட்டும், எங்கிருந்து வெட்டுவார்கள்? சிலந்தி எங்கே, வலை எங்கே, துளி எங்கே என்று சிலந்தியே வந்து தேடினாலும் காணாது. அதன்பின் அவன் செய்த ஒரு சிறு காரியத்தை மட்டும் கூர்ந்து கேளீர். மொத்தப் படங்களுக்கும் இவ்வாறே வேலியிட்டவன், வேலியிட்டவற்றைப் பழைய பெயரிலேயே பழைய இடத்திலேயே வைத்தான். புத்தகப் பக்கங்களைக் கட்டும் மென்பொருளும் தானாகவே அவற்றை எடுத்துக்கொண்டது. தூய படங்களை 'பழசு' என்ற பெயரில் ஒரு தனி அறைக்குள் அடைத்தான். அச்சுக்கு எப்போதோ கோப்பு அனுப்பியாயிற்றே, இனி அவை எதற்கு என்று எண்ணினான்.

ஞாயிறு வந்தது. விடியல் திறந்தான், பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், போனைத் தலைகீழாக்கிப் பார்த்தான்.

"என்ன மாமா, கட்டடத்துக்குச் சாரம் கட்டுன மாதிரி இருக்கு. ரோஜா வைக்கக்கூட எடமில்ல. எனக்கு வேணாம்."

வேணாம்! இவ்வொரு சொல்லுக்காகவன்றோ இத்தனை ஞாயிறுகள்! மாற்றான் புறமுதுகிட்டான், மதில் நின்றது. நம் வீரன் அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான், ரசமும் வந்தது. வென்றவர்க்கு வரும் பெருந்தன்மை அவனுக்கும் வந்தது. சாப்பாடு முடிந்து, "நன்றி சொல்ற பக்கத்துல தம்பி பேர விட்டுட்டோமேங்க, அந்தக் காக்கா படத்துக்கு அவன்தானே ஏணி புடிச்சான்?" என்று அவள் சொன்னபோது, தோற்றவனுக்கு ஒரு மாலை சூட்டுவதில் என்ன குறை என்று மனமுவந்து, மறுநாளே பக்கங்களைத் திறந்து, 'ஏணி பிடித்த தம்பிக்கு' என்று ஒரு வரி சேர்த்து, புதுக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினான். "ஒரு தடவ பாத்துட்டு ஏத்தவா?" என்று அச்சகத்துக்காரர் கேட்டார். "எல்லாம் பாத்தாச்சு, ஏத்துங்க" என்றது வெற்றிக் களிப்பு.

அச்சாகி முதல் பெட்டி வந்தது. முதலில் அவள்தான் திறக்க வேண்டும் என்று, அலுவலகத்தில் ஒருவரையும் தொடவிடாமல், பேருந்தில் மடிமேல் வைத்துக் குழந்தையைப்போல் கொணர்ந்தான் அவன். செய்தி கேட்டு விடியலும் வேலை முடிந்த கையோடு, கிரீஸ் படிந்த சட்டையோடு வந்திருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கத்திரிக்கோலால் நாடாவை வெட்டினாள். மேலிருந்த புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அட்டையில் வெறுங்கயிறும் நீலக் கிளிப்பும் பளிச்சென்று இருந்தன. திறந்தாள்.

காக்கையின்மேல் நகலெடுக்காதீர். எறும்பின்மேல் நகலெடுக்காதீர். மழைத்துளிக்கு முன்னும் பின்னும், தும்பியின் நான்கு சிறகிலும், சிலந்திவலையின் ஒவ்வொரு இழையிலும், தடித்த எழுத்தில், சாய்வாக, அவள் பெயர், அவள் பெயர், அவள் பெயர். எட்டுத்திசையினின்றும் பகைவர் வரினும் அசையாத அக்கோட்டை, மனைவியின் மடியிலே புத்தகமாய்க் கிடந்தது. வேலியில்லாத பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் 'ஏணி பிடித்த தம்பிக்கு' என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

"அக்கா, இது இப்ப வந்திருக்கற புது ஸ்டைலா?" என்று விடியல் மெதுவாகக் கேட்டான்.

நம் வீரன் தேரிழந்து, வில்லிழந்து, சோஃபாவின் கைப்பிடியைப் பற்றி நின்றான். முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். மறுமுனையினின்று அசரீரிபோல் ஒரு வாக்கு வந்தது: "ஒரு பெட்டிதானே பைண்டு ஆச்சு? மீதிய நிறுத்தச் சொல்றேன். திரும்ப அடிச்சுக்கலாம். பாதுகாப்பு மட்டும் நல்லா பலமா இருக்கு தம்பி." அதில் ஏளனம் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பின் அவன், தொடக்கம் முதல் நடந்த அனைத்தையும், கடிகாரம் முதல் ரசம் வரை, தலைகுனிந்து அவளிடம் ஒப்புவித்தான். அக்காவின் படம் மூன்று ஞாயிறு களவு போனதை விடியலும் அப்போதுதான் அறிந்தான். கள்வன் தானே என்று புரிய அவனுக்கு இன்னும் சற்று நேரம் ஆயிற்று.

அவள் கோபப்படுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் சிலந்திவலைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள்.

"எம் பேரு எவ்ளோ பெருசா இருக்கு பாருங்க. படத்தத்தான் காணோம்." விரலால் எழுத்துகளை ஒதுக்கிப் பார்ப்பவள்போலத் தாளைத் தடவினாள். "தும்பி போனப்பகூட எனக்கு இப்படி இல்லங்க. பேரு இல்லாட்டியும் அத நாலு பேரு பாத்தாங்க. இத யாரு பாப்பா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீரர் அழலாமா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அவள் எழுந்துபோய்க் கேமராவை எடுத்துவந்தாள். பரணுக்குத்தான் போகிறது என்று அவன் முடிவுகட்டினான். அவளோ அதை இயக்கி, சிறுதிரையில் அந்தச் சிலந்திவலையைக் கொணர்ந்து, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, அவன் முன் நீட்டினாள். அகழி வெட்டி, மதில் எழுப்பி, ஓடு ஓடாய் அறுத்து, இருளில் மூழ்கடித்து, வேலியிட்டுக் காத்தவன், அப்படத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தான். வலையில் கோத்த பனித்துளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மொட்டை மாடி தலைகீழாய்த் தொங்கியது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு குட்டி ஆள் கையைத் தூக்கி எதையோ உதறிக்கொண்டிருந்தான்.

"யாரு இது?"

"நீங்கதாங்க. பனியனோட."

அவன் நெடுநேரம் பார்த்தான். துளிக்குத் துளி தானே நின்றான், ஒரு படையளவு. வேறெங்கும் தன்னை இத்தனை பேராக அவன் கண்டதில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், இந்தா. இத நீயே எல்லாருக்கும் அனுப்பு. மூலைல சின்னதா எம் பேரப் போடு. ரோஜா வச்சே, கைய ஒடச்சிருவேன்." விடியல் சட்டையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரு கையாலும் வாங்கிக்கொண்டான். ரோஜா வைக்கவில்லை. பெயரைச் சின்னதாக, அழகாகப் போட்டான். கோட்டைக் கதவு உள்ளிருந்தே திறந்தது. சிலந்திவலை குடும்பக் குழுவினின்றும் புறப்பட்டு, சித்தியைக் கடந்து, சித்தியின் அண்டைவீட்டாரைக் கடந்து, லிஃப்ட் மெக்கானிக்குகளையும் அவர்தம் மாமன் மச்சான்களையும் கடந்து, எல்லையில்லாப் பெருவெளியில் ஏறியது.

விடிந்தது. செங்கதிர் எழுந்தது. நம் வீரன் துணிவாளியைத் தூக்கும் நல்வேளையில் அவன் கைபேசி முழங்கியது. பல்துலக்குமுன் வணக்கம் அனுப்பும் பண்பாளராகிய முதலாளியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது: இரு கிளிப்புகளுக்கிடையே பனிபடர்ந்த சிலந்திவலை, துளிதோறும் தலைகீழாய் ஒரு பனியன், அவள் பெயர் இருந்த மூலையில் கொழுத்த ரோஜா ஒன்று, குறுக்கே பொன்னெழுத்தில் 'இனிய காலை வணக்கம்', கீழே அவர்தம் திருவாக்கு: 'எவ்ளோ அழகா இருக்கு பாரு தம்பி, யாரு எடுத்ததோ.' வேறு வழியின்றி அதை அவன் மனைவியிடம் நீட்ட, அவள் வாங்கி ரோஜாவைப் பார்த்தாள், பனியனைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அவள் கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள், துணி காயப்போட அவனும் போனான்.